நாவலா, தன்வரலாறா? 1950-களின் அமெரிக்கப் பிள்ளைப் பருவத்தை எதிலிருந்து தொடங்குவது

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, ஒரு புத்தகம். வரும் மூன்று மாதங்களுக்கு, இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் அதற்குப் பின்னும் அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் படிப்பது என்று முடிவானது. பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சலித்து எடுத்ததில் ஆறு புத்தகங்கள் மிஞ்சின. இரண்டு நாவல்கள், நான்கு தன்வரலாறுகள். மூன்றைத்தான் படிக்க முடியும்.

பட்டியலைக் கேட்டுவிட்டு, குழுவில் மூத்தவரான அக்கா ஒரு கேள்வி கேட்டார். "நடந்ததை எழுதினவங்களே இத்தனை பேர் இருக்கும்போது, கற்பனையை எதுக்குப் படிக்கணும்?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. நாவலில் உணர்வு அதிகம், தன்வரலாற்றில் தகவல் அதிகம் என்பதுபோல ஏதோ சொன்னேன். அது சரியுமில்லை. அதனால் ஆறையும் திரும்ப எடுத்துப் படித்தேன். எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று யோசிப்பவர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கா தன்னைப் பற்றி ஒரு படத்தை வரைந்து மாட்டிக்கொண்ட நாடு. 1950-இல் நூறு வீடுகளில் ஏறத்தாழ 9 வீடுகளில்தான் தொலைக்காட்சி இருந்தது. 1960-க்குள் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது வீடுகளுக்கு வந்துவிட்டது. 1946-க்கும் 1964-க்கும் நடுவில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 7.6 கோடி. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947-இல் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பு, சில வருடங்களில் 17,000 வீடுகளைத் தாண்டியது. புல்தரை, கார், ஏப்ரன் கட்டிய அம்மா, ஒரு நாய் என்ற படம் இப்படித்தான் உருவானது. ஆர்ச்சி காமிக்ஸ் வழியாக நம் ஊர் வாடகை நூலகங்கள்வரை வந்ததும் அதே படத்தின் ஒரு துண்டுதான். அந்த லெவிட்டவுன் வீட்டு ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள் என்பது படத்தில் தெரியாது.

நான் எடுத்த ஆறு புத்தகங்களும் இந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சில அதை ஆசையாகத் தடவிப் பார்க்கின்றன, சில கிழிக்கின்றன. ஒன்றிரண்டு, படத்தின் ஓரத்தில் நிற்க விடாமல் துரத்தப்பட்டவர்களுடையவை.

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எங்கே என்று உடனே கேட்பார்கள். அது வெளிவந்தது 1960-இல்தான். ஆனால் கதை நடப்பது 1930-களின் அலபாமாவில். நாங்கள் தேடிய காலம் அதுவல்ல என்பதால் விட்டேன்.

இனிப்பான நினைவிலிருந்து தொடங்குகிறேன். வரலாற்றாசிரியர் டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் 1997-இல் எழுதிய 'வெயிட் டில் நெக்ஸ்ட் இயர்', லாங் ஐலண்டில் ராக்வில் சென்டர் என்ற ஊரில் வளர்ந்த பெண்ணின் கதை. அவருக்கு ஆறு வயதாகும்போது அப்பா சிவப்பு அட்டை போட்ட ஒரு ஸ்கோர் நோட்டு வாங்கித் தருகிறார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்தைப் பகலில் வானொலியில் கேட்டு, ஒவ்வொரு பந்தையும் அதில் குறித்து வைத்து, சாயங்காலம் வேலை முடிந்து வரும் அப்பாவுக்கு முழு ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஆட்டம் தெரியாமலே போய்விடும் என்று அந்தக் குழந்தை நம்புகிறது. அதெல்லாம் நாளிதழில் வருகிறது என்பதை அப்பா சொல்லவே இல்லை. கதை சொல்லக் கற்றது அங்கேதான் என்கிறார் குட்வின். படிக்கும்போது மனசு நிறைகிறது. போலியோ பயமும், அம்மாவின் நோயும், 1957-க்குப் பிறகு டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்ட துக்கமும் இருந்தாலும், புத்தகம் அந்தத் தெருவை நேசிக்கிறது. ஆனால் பேஸ்பால் விதிகள் தெரியாதவர்களுக்குப் பாதிப் பக்கங்கள் மூடியே இருக்கும். எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. அதனால் வருத்தத்தோடு விட்டேன்.

அடுத்து எல்லோரும் எதிர்பார்க்கும் புத்தகம். ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை', 1951. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட பதினாறு வயது ஹோல்டன், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கும் போகாமல் நியூயார்க்கில் சுற்றும் இரண்டு மூன்று நாட்கள். இதை நான் பத்தொன்பது வயதில் படித்தபோது, உலகம் முழுக்கப் போலி என்று அவன் திட்டியதுதான் காதில் விழுந்தது. அதுவே பிடித்தும் இருந்தது. இப்போது படித்தபோது கேட்டது வேறு. அவனுடைய தம்பி ஆலி 1946 ஜூலையில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோகிறான். அன்று இரவு பதின்மூன்று வயது ஹோல்டன், கார் ஷெட்டின் கண்ணாடி ஜன்னல்களை எல்லாம் வெறுங்கையால் குத்தி உடைக்கிறான். மழை பெய்தால் அந்தக் கை இன்னும் வலிக்கும் என்று போகிற போக்கில் சொல்கிறான். பேஸ்பால் ஆடும்போது தனக்குப் பந்து வராத நேரத்தில் படிக்கத் தம்பி தன் கையுறை முழுக்கப் பச்சை மையால் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். அண்ணன் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். இருநூறு பக்கம் அவன் திட்டித் தீர்ப்பது முழுக்க, அழ இடம் கிடைக்காத ஒரு பையனின் பேச்சு. சாலிஞ்சர் 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டி கடற்கரையில் இறங்கிய சிப்பாய்களில் ஒருவர். புத்தகத்தில் போரைப் பற்றி அதிகம் இல்லை, ஆனால் அந்தக் கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பையனை எழுத எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

இவ்வளவு சொல்லியும் இதை நான் முதலில் வைக்கவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, ஹோல்டனின் உலகம் மிகச் சிறியது. வக்கீல் அப்பா, விடுதிப் பள்ளி, மன்ஹாட்டன் ஹோட்டல். அந்தக் காலத்து அமெரிக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள இதை மட்டும் படித்தவர், ஒரே ஒரு ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தவர். இரண்டாவது, இது தனியாகப் படிக்க வேண்டிய புத்தகம். பதினாறிலிருந்து இருபதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அவர் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் நல்லது. ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினால், ஹோல்டன் செய்தது சரியா தப்பா என்ற பேச்சில்தான் போய் முடியும்.

நான் முதலில் வைத்தது டோபயஸ் உல்ஃபின் 'திஸ் பாய்ஸ் லைஃப்'. 1989-இல் வந்த தன்வரலாறு. 1955-இல் பத்து வயதுப் பையனும் அம்மாவும் ஃபுளோரிடாவிலிருந்து யூட்டாவுக்குக் காரில் போகிறார்கள். அம்மா பயப்படும் ஒரு மனிதரிடமிருந்து தப்ப வேண்டும், யுரேனியம் தோண்டிப் பணக்காரர்களாக வேண்டும், இவ்வளவுதான் திட்டம். மலையேறும்போது கார் கொதித்து நின்றுவிடுகிறது. பிரேக் போன ஒரு லாரி அலறிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தாக்கில் விழுகிறது. அம்மா பையனை அணைத்துக்கொண்டே இருக்கிறாள், தலையைத் தடவுகிறாள். அம்மாவின் மனசு இளகியிருக்கும் இந்த நேரத்தில் கேட்டால் கைவினைப் பொருள் வாங்கித் தருவாள் என்று பையன் கணக்குப் போடுகிறான். வாங்கியும் விடுகிறான். தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதும் ஒருவர் இரண்டாம் பக்கத்திலேயே இதைச் சொல்கிறார் என்றால் அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் வாஷிங்டன் மாநிலத்தில், மலைக்குள் ஒரு மின்நிலையக் குடியிருப்பு. அம்மா மறுமணம் செய்யவிருக்கும் டுவைட் என்பவரின் வீடு. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த மனிதர் பையனுக்கு ஒரு வேலை தருகிறார். பெட்டி பெட்டியாகக் குதிரைச் செஸ்நட் காய்கள். மேலே முள் ஓடு. அதை இரவு தோறும் உட்கார்ந்து வெறுங்கையால் உரிக்க வேண்டும், கையுறை கிடையாது. ஓட்டின் சாறு பட்டுக் கையில் ஏறிய கறை கழுவினாலும் போவதில்லை. அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடம் போகிறான். உரித்த காய்கள் பரணுக்குப் போகின்றன. யாரும் சாப்பிடவில்லை, பூசணம் பிடித்துக் கிடந்தன.

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. நாவலாசிரியர் அந்தக் காய்களை வீணாக்கியிருக்க மாட்டார். கதை முடிவதற்குள் யாராவது அதை விற்றிருப்பார்கள், இல்லை ஒருநாள் பையன் அதைத் தூக்கி எறிந்து எதிர்த்து நின்றிருப்பான். நடந்த வாழ்க்கையில் ஒரு பெரியவர் ஒரு சிறுவனின் மாலை நேரங்களை எடுத்துக்கொண்டார், அது ஒன்றுக்கும் ஆகவில்லை. இப்படி ஒன்றுக்கும் ஆகாமல் போனதை அப்படியே வைத்துவிட்டுப் போகும் உரிமை தன்வரலாற்றுக்குத்தான் அதிகம். அந்தக் காலத்து அப்பாக்கள் வீட்டுக்குள் வைத்திருந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்பதை, வேறு எந்தப் பக்கத்தையும்விட அந்தக் காய்கள் எனக்கு நன்றாகச் சொல்லின.

இந்தப் புத்தகத்தை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணம், அதன் முன்னால் உள்ள சிறு குறிப்பு. எழுதியதைப் படித்தவர்கள் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார்களாம். அசிங்கமான நாய் என்று அவர் எழுதிய நாய் உண்மையில் அழகாகத்தான் இருந்தது என்பது அம்மாவின் கருத்து. அவற்றில் சிலவற்றை உல்ஃப் மாற்றாமல் விட்டுவிட்டார். இது நினைவின் புத்தகம், நினைவுக்கு என்று சொல்ல ஒரு கதை இருக்கிறது என்பது அவர் தரப்பு. இதைத் தொலைபேசியில் சொன்னதும் அக்கா சிரித்தார். "நாய் விஷயத்துல அம்மா சொல்றதுதான் சரியா இருக்கும். ஆனா அந்தப் பையனுக்கு அது அசிங்கமாத்தான் தெரிஞ்சிருக்கும்." எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பையன் பொய்யும் சொல்கிறான், நிறையவே. எழுத்தாளர் ஜாக் லண்டனை நினைத்துக்கொண்டு தன் பெயரை ஜாக் என்று மாற்றிக்கொள்கிறான். கிழக்குக் கரையில் ஒரு நல்ல விடுதிப் பள்ளியில் இடம் கிடைக்க, மதிப்பெண் பட்டியலையும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் தானே தயாரிக்கிறான். அந்தக் கடிதங்களில் இருக்கும் நல்ல பிள்ளை தான்தான் என்று முழுமனதாக நம்பியும் விடுகிறான். பொய் சொன்ன பிள்ளை வளர்ந்து, பொய் சொன்னதைப் பற்றி உண்மை எழுதுகிறது. ஏழு பேர் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா என்று தெரியவில்லை. இவருடைய அண்ணன் ஜெஃப்ரி உல்ஃபும், பிரிந்துபோன அப்பாவைப் பற்றி 1979-இல் 'தி டியூக் ஆஃப் டிசெப்ஷன்' என்று ஒரு தன்வரலாறு எழுதியிருக்கிறார். ஒரே குடும்பம், அம்மாவோடு போன தம்பிக்கு ஒரு புத்தகம், அப்பாவோடு தங்கிய அண்ணனுக்கு ஒரு புத்தகம். நேரம் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

உல்ஃபுக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முன்னால் பிறந்தவர்களில் இன்னொருவரைப் பார்க்க வேண்டும். உல்ஃபின் 1955-உம் 'கமிங் ஆஃப் ஏஜ் இன் மிசிசிப்பி' எழுதிய ஆன் மூடியின் 1955-உம் ஒரே வருடம் என்று நம்ப முடிவதில்லை. மூடி 1940-இல் பிறந்த கறுப்பினப் பெண். பள்ளி நாட்களிலேயே வெள்ளையர் வீடுகளில் வேலை செய்கிறார். 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த பதினான்கு வயது எம்மெட் டில்லை வெள்ளையர்கள் கொன்றார்கள். மூடி வேலை பார்த்த வீட்டு எஜமானி அந்தக் கொலையைப் பற்றிப் பேசிவிட்டு, உனக்கு என்ன வயது என்று கேட்கிறார். பதினான்கு என்கிறார் மூடி. அந்தப் பையனுக்கும் பதினான்குதான் என்கிறார் எஜமானி. பசி, நரகம், பிசாசு என்று அதுவரை இருந்த பயங்களோடு, கறுப்பாகப் பிறந்ததற்காகவே கொல்லப்படலாம் என்ற பயமும் அன்று சேர்ந்துகொண்டது என்று எழுதுகிறார். புத்தகம் வந்தது 1968-இல், அவருடைய இருபத்தெட்டாவது வயதில். ஆற அமர நினைத்துப் பார்த்து எழுதியதல்ல, சூடு ஆறாமல் எழுதியது. அதுதான் அதன் பலம். பிள்ளைப் பருவம் புத்தகத்தின் முதல் பகுதி மட்டுமே. பிறகு கல்லூரி, கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம், 1963-இல் ஜாக்சன் நகரத்தில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய உணவு மேடையில் உட்கார்ந்து செய்த மறியல் என்று போகிறது. நானூறு பக்கத்தை ஒரு மாதத்தில் முடிக்கச் சொல்வது நியாயமில்லை என்பதால் மட்டும் எங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. தனியாகப் படிப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கப் போகிறார்கள் என்றால் என் தேர்வு 'ஃபேர்வெல் டு மான்ஸனார்'. ஜீன் வகாட்சுகி ஹூஸ்டன் தன் கணவர் ஜேம்ஸ் ஹூஸ்டனோடு சேர்ந்து எழுதி 1973-இல் வெளியிட்டது. இருநூறு பக்கம் சொச்சம், எளிமையான ஆங்கிலம். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால், மேற்குக் கரையில் இருந்த ஏறத்தாழ 1.2 லட்சம் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். ஜீனுக்கு அப்போது ஏழு வயது. மீனவரான அப்பாவை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மாவிடம் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் சாப்பாட்டுத் தட்டு செட் இருக்கிறது. பழைய சாமான் வாங்க வந்தவர் பதினைந்து டாலர் தருகிறேன் என்கிறார், பிறகு கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறார். அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு தட்டை எடுத்து அவர் காலடியில் எறிந்து உடைக்கிறாள். பிறகு அடுத்தது. அந்த ஆள் ஓடிப்போன பிறகும், கன்னத்தில் கண்ணீர் வழிய, ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

மான்ஸனார் என்ற முகாமில் முதல் சாப்பாடு. தட்டில் குழைந்த சோறு, அதன் மேலேயே ஆப்ரிகாட் பழத்தை ஊற்றித் தருகிறார்கள். சோறு தின்கிறவர்கள், பழத்தோடு இனிப்பாகச் சாப்பிடட்டும் என்று பரிமாறியவர்களின் நினைப்பு. ஜப்பானியர்களுக்கு இனிப்போடு சோறு ஆகாது என்று அவர்களுக்குத் தெரியாது. சோறு சாப்பிடும் வீட்டில் பிறந்த நமக்கு இந்த ஒரு தட்டு போதும். பலகைச் சுவரின் கணுத் துளைகள் வழியாக மணல் கொட்டுகிறது, தகர டப்பா மூடிகளை வைத்து ஆணியடிக்கிறார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடம் என்பதால் பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் சாப்பிடத் தொடங்க, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதே நின்றுபோகிறது. முள்வேலிக்குள் பள்ளிக்கூடம், ஆண்டு மலர், நடன இசைக்குழு எல்லாம் நடக்கின்றன. போர் முடிந்து வெளியே வந்து பள்ளியில் சேர்ந்ததும், உனக்கு இங்கிலீஷ் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாதே என்று ஒரு வெள்ளைக்காரச் சிறுமி வியக்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஜீனுக்கு வேறு மொழி தெரியாது.

இதையெல்லாம் அவர் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் யாரிடமும் பேசவில்லை. அந்த முகாமில் பிறந்த உறவுப் பையன் ஒருவன் வளர்ந்து, அங்கே என்னதான் நடந்தது என்று கேட்ட பிறகே வாயைத் திறக்கிறார். நினைவு என்பது எழுதப்பட்டதால் எப்போதும் இருந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் புத்தகம் கிட்டத்தட்ட எழுதப்படாமலே போயிருக்கும். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் செய்தது 1988-இல்.

சரி, இதுவரை சொன்னதில் அக்கா பக்கமே பலம். நான்கு தன்வரலாறுகள் இருக்க நாவல் எதற்கு? எனக்குப் பதில் கிடைத்தது ஆறாவது புத்தகத்தில்.

டோனி மாரிசனின் முதல் நாவல் 'தி ப்ளூயஸ்ட் ஐ', 1970. ஒஹையோ மாநிலத்தின் லொரைன் நகரம், 1941. பெக்கோலா என்ற பதினொரு வயதுக் கறுப்புச் சிறுமி, தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று பிரார்த்தனை செய்கிறாள். கண் அழகாகிவிட்டால் வீட்டுச் சண்டை நிற்கும், ஊர் தன்னை நல்லபடியாகப் பார்க்கும் என்று நம்புகிறாள். புத்தகம், அந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்த ஆரம்பப் பாடப் புத்தகத்தின் வரிகளோடு தொடங்குகிறது. இது வீடு, இது அம்மா, இது அப்பா, சந்தோஷமான குடும்பம் என்ற வகைப் பாடம். முதலில் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது. இரண்டாம் முறை நிறுத்தற்குறிகள் இல்லை. மூன்றாம் முறை சொற்களுக்கு நடுவில் இடைவெளியும் இல்லை, மூச்சு முட்டும் எழுத்துக் கூட்டம். நான் மேலே சொன்ன அந்தப் படத்தை, ஒரே பக்கத்தில், நம் கண்முன்னே நெரித்துக் காட்டிவிடுகிறார் மாரிசன்.

கதை சொல்லும் கிளாடியாவுக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு நீலக் கண், மஞ்சள் முடி பொம்மை தருகிறார்கள். ஊரே அழகு என்று கொண்டாடுவது எது, எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க அவள் அதைப் பிய்க்கிறாள். விரல், தலை, உள்ளிருக்கும் மரத்தூள், 'மா' என்று சத்தம் எழுப்பும் சிறு தகரத் துண்டு. பெரியவர்கள் திட்டுகிறார்கள். நிஜ வாழ்க்கையிலும் அதே 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி கறுப்புக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954-ஆம் வருடத்துப் பிரவுன் வழக்கில் அந்த ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. ஆய்வில் குழந்தைகள் பொம்மையைச் சுட்டிக்காட்டினார்கள். கிளாடியா அதைப் பிரித்துப் பார்த்தாள்.

மாரிசன் 1931-இல் அதே லொரைனில் பிறந்தவர். 1941-இல் அவருக்குப் பத்து வயது. இன்னொரு விஷயம் கவனியுங்கள். தன்வரலாறு எழுதிய உல்ஃப் தான் வளர்ந்த குடியிருப்புக்குச் சினூக் என்று வேறு பெயர் வைத்தார், அதன் நிஜப் பெயர் நியூஹேலம். நாவல் எழுதிய மாரிசன் தன் ஊரின் நிஜப் பெயரையே வைத்தார். நடந்ததா கற்பனையா என்று கோடு கிழிக்க நினைத்தால் இங்கே கோடு நிற்காது.

1993-இல் சேர்த்த பின்னுரையில் அவர் ஒன்று சொல்கிறார். ஆரம்பப் பள்ளியில் கூடப் படித்த ஒரு பெண், தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று சொன்னாளாம். அந்தப் பேச்சிலிருந்துதான் இந்த நாவல் வந்தது. அங்கேதான் எனக்கு அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பெண் தன் கதையை எழுதவில்லை. பெக்கோலாவைப் போன்ற ஒரு குழந்தை எழுதவும் முடியாது. சொந்த அப்பாவால் சிதைக்கப்பட்டு, அம்மாவால் அடிக்கப்பட்டு, ஊரால் ஒதுக்கப்பட்டு, கடைசியில் புத்தி பேதலித்துப்போகும் பிள்ளை எந்தக் காலத்தில் உட்கார்ந்து நினைவுகளை எழுதப் போகிறது? தன்வரலாறு எழுதிய நால்வரையும் பாருங்கள். உல்ஃப் எழுத்தாளராகிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். குட்வின் அதிபர்களின் வரலாற்றை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றார். மூடியும் ஜீனும் எத்தனையோ அடி வாங்கி வெளியே வந்தவர்கள். நால்வரும் தப்பித்தவர்கள். தப்பித்ததால்தான் புத்தகம் இருக்கிறது. டுவைட்டின் வீட்டில் அவருடைய சொந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்கள் அந்த வீட்டை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பது உல்ஃப் சொன்ன அளவுக்குத்தான் நமக்குத் தெரியும். தப்பிக்காத பிள்ளைக்காக யாராவது கற்பனை செய்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் வரிசை இப்படி முடிவானது. முதல் மாதம் உல்ஃப். நினைவு எப்படி வேலை செய்கிறது, எங்கே நம்பலாம், எங்கே அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று அவர் பழக்கிவிடுவார். ஆங்கிலமும் சின்னச் சின்ன வாக்கியங்கள், தடுக்காது. அடிதடியும் கெட்ட வார்த்தைகளும் உண்டு. இரண்டாம் மாதம் மாரிசன். முதல் இருபது பக்கம் கொஞ்சம் கடினம், விட்டுவிடாதீர்கள். இதில் தந்தை மகளைப் பாலியல் வன்கொடுமை செய்யும் பகுதி இருக்கிறது. குழுவாகப் படிப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். நாங்களும் சொல்லிவிட்டோம், யாருக்காவது வேண்டாம் என்றால் அந்த மாதம் மூடியின் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. மூன்றாம் மாதம் மான்ஸனார், அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று கேட்டால், நான் வரிசையை மாற்றிவிடுவேன். மாரிசனைக் கொடுப்பேன். தன்வரலாறுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கும், பெக்கோலாவுக்கு வேறு புத்தகம் கிடையாது.

வாங்கும்போது பின்னுரை உள்ள பதிப்பா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள், பழைய பதிப்புகளில் அது இருக்காது. அதைக் கடைசியில் படியுங்கள். உல்ஃபின் நாய்க் குறிப்பை மட்டும் முதலில் படியுங்கள். அரைப் பக்கம்கூட வராது, சிலர் அதைக் கவனிக்காமலே முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள்.